கடுகுப் பூ மஞ்சளும் என் வயிற்றெரிச்சலும்

பச்சை என்றால் எந்தப் பச்சை என்று கேட்டுக் கேட்டே சம்பளம் வாங்கியவன் நான். மாம்பழ மஞ்சள் வேறு, மஞ்சள் கிழங்கு மஞ்சள் வேறு, கடுகுப் பூ மஞ்சள் வேறு. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கேமராவுக்குத்தான் தெரியாது. அதற்குச் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது.

போன தீபாவளிக்கு என் மகள் புதிய போன் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையில் நின்று ஒரு படம் எடுத்தேன். வானம், படகு, தண்ணீர் எல்லாம் தானாகவே நிறம் திருத்திக்கொண்டு வந்து நின்றன. "அப்பா, நீங்க ஆயுசு பூரா பார்த்த வேலைய இது ஒரு செகண்ட்ல முடிச்சிருச்சு பாருங்க" என்றாள் பெருமையாக. எனக்கு அந்தப் போன் மேலேயே பொறாமை வந்தது. என் குணம் அப்படி.

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி ஆசிரியர் கேட்டிருக்கிறார். இயற்கைக் காட்சிப் படங்களில் நிறம் பிசகாமல் இருக்க நாலு யோசனை சொன்னால் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும் என்றார். சொல்லலாம். ஆனால் கூட வேலை பார்த்த மௌஷுமியைச் சொல்லாமல் என் வேலையைச் சொல்ல முடியாது. அவளைச் சொன்னால் என் வயிற்றெரிச்சலையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா ஹவுராவில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம் என்று வளர்ந்தேன். அச்சுத் தொழில் படித்து, பிரஸ்ஸில் பிலிம் போட்டுக் கொஞ்ச காலம் ஓட்டினேன். டிஜிட்டல் கேமரா வந்ததும் பிலிம் வேலை படுத்துவிட்டது. பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் நிர்மல் பாபு நடத்திவந்த கலர் யூனிட்டில் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்துதான் ஓய்வும் பெற்றேன்.

காலண்டர், தேயிலைக் கம்பெனிகளின் ஆல்பம், சுற்றுலாப் புத்தகம் இவற்றுக்கான படங்கள் எங்களிடம் வரும். எல்லாம் மலை, கடல், காடு, வயல். ஒரே வயலை இரண்டு கேமராவில் எடுத்தால் இரண்டு வயல் வரும். ஒன்றில் மஞ்சள் ஆரஞ்சுப் பக்கம் சாயும், மற்றதில் எலுமிச்சைப் பக்கம் போகும். அதனால் படம் எடுக்கிற இடத்திலேயே, அந்த வெளிச்சத்திலேயே, ஒரு கலர் சார்ட்டை வைத்து முதலில் ஒரு படம் எடுப்பார்கள். சின்னச் சின்னச் சதுரங்களில் நிறங்கள் பூசிய அட்டை அது. கடைசி வரிசை முழுக்க வெள்ளையிலிருந்து கறுப்பு வரை சாம்பல் படிகள். ஒவ்வொரு சதுரமும் உண்மையில் என்ன நிறம் என்பது நமக்குத் தெரியும். கேமரா அதை என்னவாகப் பார்த்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஈடுகட்டும் திருத்தத்தைச் செய்து வைத்துக்கொள்வோம். அதுதான் அந்தக் கேமராவின் புரொஃபைல். அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுவிட்டால் நிறம் வழிக்கு வந்துவிடும். இதில் நான் கெட்டிக்காரன். தன்னடக்கத்துக்காகக்கூட இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நிர்மல் பாபுவின் கலர் ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவர் சாம்பல் நிறம், மேசை சாம்பல் நிறம், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. பகலானாலும் ராத்திரியானாலும் ஒரே விளக்கு. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் சட்டைக்கு மேல் சாம்பல் கோட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். சிவப்புச் சட்டையோடு மானிட்டர் முன்னால் உட்கார்ந்தால் அந்தச் சிவப்பு திரையில் அடிக்கும், கண் ஏமாந்துபோகும் என்பார். பூஜைக்கு வந்த சந்தேஷ் டப்பா சிவப்பாக இருந்ததற்காக அதை வெளியே வைத்துவிட்டு இனிப்பை மட்டும் தட்டில் கொண்டுவரச் சொன்ன மனிதர்.

யாரையும் தப்பு என்று சொல்ல மாட்டார். பிரிண்டை வாங்குவார், பார்ப்பார், ஒரு மூலையை நகத்தால் தட்டுவார். "ஏக்டு தேக்கோ" என்பார். கொஞ்சம் பார் என்று அர்த்தம். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் நாம் குற்றத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். நான் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவேன். "ஹூம்" என்பார். அந்த ஹூமுக்காக நான் நாய் மாதிரி உழைத்தேன்.

மௌஷுமி வந்த பிறகுதான் அவரிடம் வேறொரு வார்த்தையும் இருப்பது எனக்குத் தெரிந்தது. அவள் கொண்டுவந்த ஒரு கடற்கரைப் படத்தைப் பார்த்துவிட்டு "பாஹ்!" என்றார். ஆஹா என்பதற்கு வங்காளிகள் சொல்வது. அவர் வாயில் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். எனக்கு அது ஒரு தரம்கூடக் கிடைத்ததில்லை.

அவள் என்னைவிடப் பல வயது இளையவள். படம் எடுக்கும் தபனோடு வெளியூர் போவது, சார்ட் எடுப்பது, வந்து நிறம் சேர்ப்பது அவள் வேலை. கோட்டு மாட்டிக்கொண்டு ரூமுக்குள் இருப்பது என் வேலை. டார்ஜீலிங் போவாள், சுந்தரவனம் போவாள், முகமெல்லாம் வெயிலில் கறுத்துத் திரும்பி வருவாள். "ஷொங்கோர்தா, உங்களுக்கு" என்று ஒரு பை நிறைய மலை ஆரஞ்சு வைப்பாள். சங்கரன் என்ற என் பெயரோடு அண்ணா சேர்ந்தால் இந்த ஊர் வாயில் அப்படித்தான் ஆகும். ஆரஞ்சு நல்ல இனிப்பாக இருக்கும். அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

வீட்டில் புலம்புவேன். என் மனைவி கோமதி ஒருநாள் குழம்புக் கரண்டியோடு நின்று, "அந்தப் பிள்ள பேரச் சொல்லாம உங்களுக்குச் சோறு எறங்காதா?" என்று கேட்டாள். தப்பாகக்கூட நினைக்கவில்லை. அந்த அளவுக்கு என் பொறாமை வெளிப்படையாக இருந்தது.

இந்த நிலையில் நிர்மல் பாபுவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் செய்தாலும் நிறம் முன்போல் தெரியாது, இனி ரூமை நடத்தத் தனக்கு அருகதை இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். "கடுகுக் காலண்டர் முடியட்டும். அப்புறம் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட ரூமை ஒப்படைக்கிறேன்" என்றார். வங்காள மொழியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். கலர் ரூம் கைக்கு வந்தால் எந்தப் படமும் என் சொல் இல்லாமல் வெளியே போகாது. அவளுக்குப் போனால் நான் அவள் முன்னால் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதை நினைத்தே எனக்குத் தூக்கம் கெட்டது.

கடுகுக் காலண்டர் என்பது ஒரு கடுகெண்ணெய்க் கம்பெனிக்காரருடையது. மாசிப் பனியில் கடுகு வயல், பன்னிரண்டு தாளும் அதேதான். பூவும் பனியும் சேர்ந்து கிடைப்பது சில நாள்தான். அந்த வருஷம் அது சரஸ்வதி பூஜையன்று வாய்த்தது. அன்று இங்கே புத்தகம் தொட மாட்டார்கள். எங்கள் ஆபீஸில் கேமராவைக்கூடத் தேவியின் காலடியில் வைத்துவிடுவோம். பனி காத்திருக்காது என்று தபன் அடம்பிடித்ததால் ஒரு கேமராவுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. மௌஷுமி விரதம். வயலிலிருந்து திரும்பியதும் நேராக அஞ்சலிக்குப் போய்ப் பூப் போட வேண்டும் என்று, கிளம்பும்போதே பூஜைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு இங்கே பெண்கள் எல்லாரும் கட்டுவது வசந்த மஞ்சள். தெருவே மஞ்சளாக இருக்கும்.

முதல் பிரிண்டுகள் வந்தன. கம்பெனி முதலாளி பார்க்க வந்தார். வயதானவர், காஷ்மீர் சால்வை போர்த்தியிருந்தார். ஒரு பிரிண்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பனி நீலமாக, வயலின் மேல் படுத்துக் கிடந்தது. சால்வையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார். திரை போட்ட ரூமில் காற்றே கிடையாது. நிர்மல் பாபு "பாஹ்" என்றார். எனக்கு அந்த ரூமை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

ஆனால் என் கண் சும்மா இருக்குமா? பூவில் ஒரு பச்சைச் சாயல் தெரிந்தது. கடுகுப் பூ அப்படி இருக்காது. எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, அன்றைய சார்ட் படத்தைத் திறந்தேன். சார்ட்டை வரப்பின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். மேல் வரிசைகள் பரவாயில்லை. கீழே வர வர மஞ்சள் ஏறியது. கடைசி வரிசைச் சாம்பல் படிகள் சாம்பலாகவே இல்லை. படத்தின் அடி ஓரத்தில் பார்த்தேன். மஞ்சள் சேலை மடிந்து கிடந்தது. சார்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மடியில் விழுந்த வெளிச்சம் மஞ்சளாகிச் சார்ட்டில் பட்டிருக்கிறது. சாம்பலில் மஞ்சள் ஏறினால் புரொஃபைல் அதை ஈடுகட்ட எல்லாவற்றிலும் நீலத்தைத் தள்ளும். அந்தக் கிழவரைக் குளிரவைத்த நீலம் சேலையின் வேலை.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைப்பதற்கில்லை. அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை. அதே கேமராவில் நான் முன்பு மொட்டை மாடியில் எடுத்து வைத்திருந்த சார்ட்டைக் கொண்டு சரியான புரொஃபைல் போட்டேன். பூ கடுகுப் பூவாக வந்தது. பனியை நடுநிலைச் சாம்பலுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு பிரிண்டையும் சார்ட் படத்தையும் வரிசையாக மாட்டிவிட்டு எல்லாரையும் கூப்பிட்டேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்கு எல்லாரும் வேண்டியிருந்தது.

மௌஷுமி சார்ட்டைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, என் சேலை!" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அழுவாள், மறுப்பாள் என்று நான் தயாராக வந்திருந்தேன். இதற்குத் தயாராக வரவில்லை.

"தப்பு என்னோடதுதான். ஆனா ஷொங்கோர்தா, அந்தப் பனி இப்படித்தான் இருந்துச்சு" என்று தன் பிரிண்டைக் காட்டினாள்.

"பனின்னா தண்ணித் துளி. அதுக்கு ஏது நிறம்?" என்றேன்.

"நீங்க அங்க நிக்கல."

"நான் ஏன் நிக்கணும்? சார்ட் நின்னா போதும்."

நிர்மல் பாபு இரண்டையும் நகத்தால் தட்டவில்லை. பூ உதிர்வதற்குள் போய்ப் பார்த்துவிடுவோம் என்றார். "மூணு பேரும்."

அப்படித்தான் நான் முதல் தடவையாக வெளியே போனேன். விடியும் முன்பே ரயிலை விட்டு இறங்கி, வரப்பில் வேட்டியை மடித்துக் கட்டாத குறையாக பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நடந்தேன். பனி முட்டிவரை இருந்தது. சூரியன் வரவில்லை, ஆனால் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. பூவெல்லாம் நனைந்து தலை கவிழ்ந்து நின்றன. எண்ணெய்க் காரமும் ஈர மண்ணும் கலந்த வாசம்.

நிர்மல் பாபு இரண்டு பிரிண்டையும் கையில் உயர்த்திப் பிடித்தார். என்னுடையது வயலோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. பூவும் பனியும் எங்கே முடிகிறது, பிரிண்ட் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவளுடையது மை கொட்டினதுபோல் தனியாகத் தெரிந்தது. "ஹூம்" என்றார். மௌஷுமியே தலையாட்டினாள்.

ஜெயித்துவிட்டேன். திரும்பும்போது ஸ்டேஷனில் எல்லாருக்கும் மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்தேன். ரயிலில் மௌஷுமிக்கு ஜால் மூரிகூட வாங்கினேன். பொரியில் கடுகெண்ணெய் தூக்கலாக இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அந்தப் பாவம் எனக்கு ருசியாகவும் இருந்தது.

பவானிபூர் வந்து கோட்டு மாட்டிக்கொண்டோம். நிர்மல் பாபு இரண்டு பிரிண்டையும் பழைய இடத்தில், எங்கள் விளக்கின் கீழ் மாட்டினார். "ஏக்டு தேக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். இப்போதுதானே குடித்தார் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

என் பிரிண்டில் பனி செத்துக் கிடந்தது. சிமென்ட் பூசின சுவர்போல் இருந்தது. அன்று காலை முட்டிவரை நனைந்து நின்ற இடம் அதில் எங்குமே இல்லை. அவளுடைய பிரிண்டில் இருந்தது. பூ தப்பு, பச்சைச் சாயல் தப்பு, எல்லாம் தப்பு. ஆனால் குளிர்ந்தது.

காரணம் எனக்கு உடனே புரிந்தது, அதுதான் கொடுமை. வயலில் விடியற்கால நீல வெளிச்சம் என் பிரிண்டின் மேலேயும் விழுந்தது. அதில் இல்லாத நீலத்தை வயலே இனாமாகக் கொடுத்துவிட்டது. அதனால்தான் ஒட்டிக்கொண்டது. காலண்டர் வாங்குகிறவன் அதைக் கடுகு வயலிலா மாட்டப்போகிறான்? டியூப் லைட்டுக்குக் கீழே, சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டுவான். அங்கே விடியற்காலை கிடையாது. அதையும் பிரிண்டிலேயே வைத்து அனுப்ப வேண்டும். வயலுக்குப் போகாமல் இருந்திருந்தால் என் சிமென்ட்டை நான் கடைசிவரை சரியென்றே சாதித்திருப்பேன்.

நிர்மல் பாபு வந்தார். "என்ன?"

"பூ என்னுது. பனி அவளுது" என்றேன்.

"ஹூம்" என்றார்.

அந்த வாரம் அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தோம். அடிப்படைக்கு என் புரொஃபைல். அதன்மேல் பனிக்கு மட்டும் நீலம். மவுஸ் என் கையில் இருந்தது. மௌஷுமி கண்ணை மூடுவாள், கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள், திறந்து பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம். இல்ல, ஜாஸ்தி. ஆ, இதுதான்." எந்த எண்ணையும் பார்க்காமல் சொன்னாள். நானும் அதே வயலில்தான் நின்றேன். நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கு மூடின கண்தான் தெரிந்தது. மூடின இமைக்குப் பின்னால் அவளுக்கு என்னென்னவோ இருந்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலண்டர் நன்றாகப் போயிற்று. நிர்மல் பாபு ரூம் சாவியை என்னிடம் கொடுத்தார். நம்ப முடியாமல் ஏன் என்று கேட்டேன். "நீ இந்த ரூமை விட்டு எங்கேயும் போக மாட்டே. அவ இங்கே இருக்க மாட்டா" என்றார். அது பாராட்டா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒரே ஒரு விதி மட்டும் வைத்துவிட்டுப் போனார். அந்த இடத்தில் நின்று பார்த்தவர் சரியென்று சொல்லாமல் எந்த பிரிண்டும் வெளியே போகக் கூடாது.

நின்று பார்த்தவர் என்றால் எப்போதும் அவள்தான். சம்பளம் எனக்கு ஏறியது, கதவில் என் பெயர் வந்தது. மௌஷுமிக்கு சாண்டக்ஃபூவின் பனிமலை, பக்காலிக் கடல், புருலியாவில் பலாஷ் என்கிற சிவப்புப் புரசு பூத்த காடு. அதற்குப் பிறகு சார்ட் எடுக்கும்போது சாம்பல் சால்வை போர்த்திக்கொள்வாள். ஒரு பிசகுகூட வராது. தேடித் தேடிப் பார்ப்பேன், கிடைக்காது.

ரூமுக்குத் தலைவன் நான். இந்த முறை நான் போகிறேன் என்று சொன்னால் யார் தடுக்கப்போகிறார்கள்? கோமதியே பல தரம் கேட்டாள். "நீங்கதான பெரியவரு, ஒரு தடவ போயிட்டு வாங்களேன். என்னையும் கூட்டிட்டுப் போங்க." போகவில்லை. நான் போனால் அந்த நாலு நாளும் என் நாற்காலியில் மௌஷுமி உட்காருவாள். ஒருவேளை என்னைவிட நன்றாக உட்கார்ந்துவிட்டால்? அந்த பயத்தில் நாற்காலியைக் கட்டிக்கொண்டு உத்தியோக காலத்தை முடித்தேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கத்தில் இளைஞர்களுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். ஊரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த பிள்ளைகள், ஆளுக்கொரு நல்ல கேமரா. நான் நிறம் திருத்திய படங்களைத் திரையில் காட்டினேன். பனிமலையில் முதல் வெயில், கடல், பலாஷ் காடு. புரொஃபைலைப் பற்றி விளக்கினேன். கை தட்டினார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு நிறைந்து நின்றேன்.

சால்ட் லேக்கில் வேலை பார்க்கும் மதுரைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "அங்கிள், அந்த மலையில அப்போ எவ்வளவு குளிரா இருந்துச்சு?"

"தெரியாதும்மா. நான் அங்க போனதில்ல."

"அந்தச் செவப்புப் பூக் காடு?"

"அதுவும் இல்ல."

அவள் குறும்புக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். "அப்புறம் இந்தக் கலர்தான் சரின்னு உங்களுக்கு எப்படி அங்கிள் தெரியும்?"

சார்ட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், எண்களைக் காட்டியிருக்கலாம். எல்லாம் கைவசம் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அங்க போனவ சரின்னு சொன்னா."

"அவங்க யாரு அங்கிள்? நம்பர் கிடைக்குமா?"

போனை எடுத்துப் பார்க்காமலே, மனப்பாடமாக இருந்த நம்பரைச் சொன்னேன். அடுத்த மாதக் கூட்டத்தில் மௌஷுமி பேசுகிறாள். முன் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.